பறவைக்கு ஐந்தரை லட்சம் ஏக்கர்! பாட்டாளிக்கு ஒற்றையடிப் பாதை!

பஞ்சப்படியைப் பற்றியும் குத்தகை பாக்கியைப் பற்றியும் எழுத வேண்டிய பக்கத்தில் ஒரு பறவையைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறோம். "நம் பத்திரிகைக்கும் பொழுது போகவில்லையா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். பொறுமையோடு படியுங்கள். இது பறவையின் கதை மட்டுமல்ல, நிலத்தின் கதை. நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் கதை. பஞ்சாலையில் நூல் முடிந்த கைகள் பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்ட கதை.

பிரிட்டனின் வடக்கே, மான்செஸ்டருக்கும் ஷெபீல்டுக்கும் இடையே தொடங்கி ஸ்காட்லாந்து வரை, மரமில்லாத மேட்டு நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றை 'மூர்' என்று சொல்வார்கள். ஓயாத காற்று, ஓயாத தூறல், கால் வைத்தால் புதையும் பீட் என்ற கரிய ஈரமண். அந்த மண்ணில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற புதர்ச்செடி வளர்கிறது. ஆகஸ்டு மாதத்தில் மலை முழுவதும் ஊதா நிறத்தில் பூக்கும்.

அந்தப் புதருக்குள் வாழ்கிறது செங்கிரவுஸ் என்ற பறவை. நம் ஊர்க் கௌதாரிக்கும் காடைக்கும் தூரத்துச் சொந்தம். எடை ஒன்றரை ராத்தலுக்குச் சற்று முன்பின் இருக்கும். தரையில் கூடு கட்டும், தரையில் இரை தேடும், ஹெதர் துளிரைத் தின்று பிழைக்கும். குளிரைத் தாங்குவதற்காகக் கால் விரல் வரை இறகு மூடியிருக்கும். ஆள் அரவம் கேட்டால் படபடவென்று எழுந்து தாழப் பறக்கும். அதன் குரல் ஆங்கிலேயரின் காதில் "கோ பேக்! கோ பேக்!" என்று விழுமாம்.

1928ல் சைமனைப் பார்த்து நம் நாட்டு மக்கள் எழுப்பிய கோஷம் அது. அந்தப் பறவை யாரைப் பார்த்து அப்படிக் கத்துகிறது? துப்பாக்கி ஏந்திய சீமானைப் பார்த்து என்றால் நியாயம் உண்டு. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மலையடிவாரத்தில் "திரும்பிப் போ!" என்று பலகை எழுதி நட்டவர்கள் சீமான்கள். அந்தப் பலகையைப் படித்துத் திரும்பிப் போக வேண்டியிருந்தவர்கள் மில் தொழிலாளர்கள்!

ஆகஸ்டு 12

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 12ந்தேதி கிரவுஸ் வேட்டை தொடங்குகிறது. டிசம்பர் 10 வரை நடக்கும். தொடக்க நாளுக்கு அங்கே 'மகிமை பொருந்திய பன்னிரண்டாம் தேதி' என்று பட்டம்! யாருக்கு மகிமை? பறவைக்கா?

வேட்டை என்றதும் காடு மேடெல்லாம் அலைந்து, பசியோடு இரை தேடுகிற மனிதனை நினைத்துவிடாதீர்கள். இங்கே சீமான் அலைவதில்லை. மலைச் சரிவில் வரிசையாகக் கல்லாலும் மண்ணாலும் மறைவிடங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். எட்டு ஒன்பது பேர் அவற்றில் போய் நின்றுகொள்வார்கள். கூலிக்கு வந்த ஆட்கள் தொலைவிலிருந்து கொடியை வீசிக்கொண்டு, புதரை அடித்துக்கொண்டு, வரிசையாக நடந்து வருவார்கள். மிரண்ட பறவைகள் துப்பாக்கிகளின் தலைக்கு மேலே பறக்கும். ஒரு துப்பாக்கி சுட்டு முடியும்போது தோட்டா நிரப்பிய மற்றொன்றைக் கையில் கொடுப்பதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆள். நடப்பவன் கூலிக்காரன், தோட்டா நிரப்புபவன் கூலிக்காரன், விழுந்த பறவையைப் பொறுக்குபவனும் கூலிக்காரன். விரலை அசைப்பவர் மட்டும் சீமான். இதற்குப் பெயர் வீர விளையாட்டு!

கணக்கும் வைத்திருக்கிறார்கள். 1888ம் வருடம் ஆகஸ்டு 30ந்தேதி, யார்க்ஷயரில் புளபர்ஹவுசஸ் என்ற மூரில், வால்சிங்ஹாம் பிரபு தனி ஒருவராக ஒரே நாளில் 1,070 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார். ஒரு மனிதனின் வயிறு எவ்வளவு பெரிது? ஆயிரத்து எழுபது பறவைகளை எந்த வாய் தின்னும்? தின்பதற்காகச் சுடவில்லை, கணக்குக்காகச் சுட்டார்.

இதையும் மிஞ்சிய கணக்கு ஒன்று உண்டு. லங்காஷயரில் லிட்டில்டேல், அபேஸ்டெட் என்ற மூர்களில் எட்டுத் துப்பாக்கிகள் சேர்ந்து ஒரே நாளில் 2,929 பறவைகளை வீழ்த்தின. பிரிட்டிஷ் வேட்டைச் சரித்திரத்தில் இதுவே பெரிய சாதனை என்று பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அது எந்த நாள் தெரியுமா? 1915ம் வருடம் ஆகஸ்டு 12ந்தேதி!

தோழர்களே, அந்தத் தேதியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அதே வாரத்தில், ஆகஸ்டு 6 முதல் 13 வரை, துருக்கியின் கல்லிப்போலியில் கிரிதியா திராட்சைத் தோட்டச் சண்டை நடந்தது. அங்கே குண்டுக்கு இரையானது எந்தப் படை? கிழக்கு லங்காஷயர் டிவிஷன்! பஞ்சாலை ஊர்களிலிருந்து திரட்டிய படை. லங்காஷயர் மலையில் எட்டுச் சீமான்கள் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்த நாளில், அந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளின் பிணங்களை வேறோர் மலையில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பறவைக் கணக்கு சாதனைப் புத்தகத்தில் ஏறியது. பிள்ளைகளின் கணக்கு தாய்மார்களின் வீட்டுக்குத் தந்தியாக வந்தது.

நிலம் எப்படிப் போயிற்று?

"அது அவர்கள் நிலம், அவர்கள் பறவை; சுட்டால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்த நிலம் அவர்களுக்கு எப்படி வந்தது?

மூர் என்பது ஒரு காலத்தில் ஊர்ப் பொது நிலமாக இருந்தது. ஏழைக் குடியானவன் தன் ஆட்டை மேய்த்தான். அடுப்பெரிக்கப் பீட் மண்ணை வெட்டி உலர்த்தினான். கூரை வேய ஹெதரை அறுத்தான். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் பொது நிலத்தைச் சுற்றி வேலி கட்டித் தனிச் சொத்தாக்குவதற்கு நிலப்பிரபுக்கள் சட்டம் போட்டார்கள். சட்டம் போட்ட பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அதே நிலப்பிரபுக்கள்! 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட வேலிச் சட்டங்கள். பறிபோன நிலம் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம்!

திருடன் இரவில் சுவர் ஏறிக் குதிப்பான். இவர்கள் பட்டப் பகலில் பார்லிமெண்டு வழியாக வந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. சதர்லாந்து சீமாட்டியின் ஜமீனில் 1814 முதல் 1820 வரை 15,000 ஜனங்களை, சுமார் 3,000 குடும்பங்களை, துரத்தியடித்ததைக் காரல் மார்க்ஸ் 1867ல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் எழுதியிருக்கிறார். குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1825 வாக்கில் அந்த ஜனங்கள் இருந்த இடத்தில் 1,31,000 ஆடுகள் நின்றன. ஆடு வந்து மனிதன் போனான். பிறகு பல இடங்களில் ஆட்டைவிட வேட்டையில் வருமானம் அதிகம் என்று கண்டு, மானுக்கும் கிரவுஸுக்கும் இடம் விட்டார்கள். மனிதனுக்குத்தான் கடைசி வரை இடமில்லை!

பறவைக்கும் சட்டம் போட்டார்கள். 1671ம் வருடச் சட்டப்படி, வருடத்துக்கு 100 பவுன் வருமானமுள்ள சொந்த நிலம் இருந்தால்தான் வேட்டையாடலாம். அன்றைக்குப் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடுவதற்கு 2 பவுன் வருமானமுள்ள நிலம் போதும். அதாவது நாட்டை ஆள்பவனைத் தேர்ந்தெடுக்கத் தேவையான சொத்தைப்போல் ஐம்பது மடங்கு வேண்டும், ஒரு கௌதாரியைச் சுடுவதற்கு! இந்த அலங்கோலம் 1831 வரை நூற்று அறுபது வருடம் நீடித்தது. 1816ல் வந்த சட்டப்படி, இரவில் வலையோடோ துப்பாக்கியோடோ பிறர் நிலத்தில் வேட்டைக்கு வந்து பிடிபட்டவனை ஏழு வருடம் நாடு கடத்தலாம். நெப்போலியன் யுத்தம் முடிந்து, வேலையில்லாமல், ரொட்டி விலை ஏறிக் கிடந்த காலம் அது. பிள்ளைகளின் பசிக்கு ஒரு பறவை பிடித்தால், கப்பலேறிக் கண்காணாத தீவுக்குப் போக வேண்டும். ஆயிரம் பறவை சுட்ட பிரபுவுக்குச் சரித்திரத்தில் இடம். ஒரு பறவை பிடித்த கூலிக்காரனுக்கு ஆஸ்திரேலியாவில் விலங்கு!

இந்த நீதி கப்பலேறி நம் பக்கமும் வந்தது. 1879ல் சென்னை சர்க்கார் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. உதகையின் புல்வெளிகளில் குதிரையேறி நரி துரத்திய துரைமார்களுக்கு அந்த மலை ஒரு ஸ்காட்லாந்து. வெள்ளையர் எங்கே போனாலும் பைபிளோடு வேட்டைச் சட்டத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போனார்கள்.

பறவைக்கு வைத்தியம், தொழிலாளிக்கு?

கோழியைப்போல் பண்ணையில் பொரித்து வளர்த்துக் கூட்டம் கூட்டமாகத் திறந்துவிடுவது கிரவுஸ் விஷயத்தில் பலிக்கவில்லை. அது மூரிலேயே பிறந்து மூரிலேயே வளர வேண்டும். ஆகவே பறவை வேண்டுமென்றால் மலை முழுவதும் வேண்டும். மலை முழுவதையும் பறவைக்காகவே நடத்த வேண்டும். மற்ற உயிரெல்லாம், மனிதன் உட்பட, விலகி நிற்க வேண்டும். இந்தக் கதையின் அச்சாணி இதுதான்.

அந்தப் பறவைக்கு ஒரு நோய் உண்டு. குடலில் மெல்லிய புழு பெருகினால் பறவைகள் கொத்துக் கொத்தாகச் சாகும். சாகட்டும் என்று விட்டார்களா? 1905ல் விசாரணைக் கமிட்டி நியமித்தார்கள். லோவட் பிரபு அதற்குத் தலைவர். பின்னால் தென் துருவத்தில் ஸ்காட்டோடு உயிர் நீத்த டாக்டர் வில்சன், மூர் மூராகச் சென்று செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தார். 1911ல் பெரிய அறிக்கை வெளிவந்தது. வில்சனின் உழைப்பை நாம் குறை சொல்லவில்லை, விஞ்ஞானம் விஞ்ஞானம்தான். இன்றைக்கும் அந்தப் புழுவுக்கு மருந்து தடவிய மணற்கல்லை மூர் எங்கும் சிறு பெட்டிகளில் வைக்கிறார்கள். பறவை கொத்தித் தின்று குணமடைகிறது. நல்லது. குணமடையட்டும்.

ஆனால் அந்த மலையடிவாரத்தில் வேறொரு நோய் இருந்தது. பஞ்சாலையில் தூசி குடித்துக் குடித்து நெஞ்சு அடைக்கும் பைசினோசிஸ். கார்டிங் ஹாலில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வார விடுமுறைக்குப் பின் ஆலைக்குத் திரும்பிய முதல் நாள் மூச்சு முட்டும். வருடம் ஆக ஆக எல்லா நாளும் முட்டும். லங்காஷயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்த நோய் இது. இதற்கு நஷ்டஈட்டுச் சட்டம் பிரிட்டனில் எப்போது வந்தது? 1940ல்! பறவையின் குடலுக்குள் 1905லேயே எட்டிப் பார்த்த கண்கள், தொழிலாளியின் நெஞ்சுக்குள் பார்க்க இன்னும் முப்பத்தைந்து வருடம் பிடித்தது. காரணம் கேட்கிறீர்களா? பறவை செத்தால் சீமானுக்கு நஷ்டம். தொழிலாளி செத்தால் ஆலை வாசலில் வேறோர் ஆள் நிற்பான்.

மலையேறிய மில் தொழிலாளர்கள்

ஆனால் தொழிலாளி சும்மா இருந்தானா? இல்லை!

1896ம் வருடம். லங்காஷயரில் போல்டன் நகரம். வாரம் ஆறு நாளும் நூலும் தூசியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விண்டர் ஹில் என்ற மலை மீது நடந்து நல்ல காற்றுக் குடிப்பது அங்குள்ள தொழிலாளிகளின் வழக்கம். அந்த மலையில் கிரவுஸ் வேட்டை வைத்திருந்தார் கர்னல் ஐன்ஸ்வொர்த் என்பவர். அவர் வேறு யாருமல்ல, துணி வெளுக்கும் ஆலையின் முதலாளி! தொழிலாளியின் உழைப்பில் பணம் சேர்த்து, அந்தப் பணத்தின் பலத்தில் தொழிலாளியின் பாதைக்கே வாயிற்கதவு போட்டார். உள்ளூர் சோஷலிஸ்டுகள் அறைகூவல் விடுத்தார்கள். செப்டம்பர் 6ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 10,000 ஜனங்கள் திரண்டு மலையேறினார்கள். கதவு உடைந்தது. அடுத்த ஞாயிறும் திரண்டார்கள். கோர்ட்டு யார் பக்கம் தீர்ப்பளித்தது என்று சொல்லவும் வேண்டுமா? 1897ல் கர்னல் ஜெயித்தார்.

கோர்ட்டில் தோற்றாலும் அந்த நினைவு தோற்கவில்லை. முப்பத்தாறு வருடம் கழித்து அது மறுபடியும் மலையேறியது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. கிண்டர் ஸ்கவுட் என்ற மலை. மான்செஸ்டரிலிருந்து பார்த்தால் தெரியும், ஏற முடியாது. கிரவுஸுக்காக அடைத்து வைத்திருந்தார்கள். வருடத்தில் சில நாள் மட்டும் சுடுவதற்கு வரும் சில பேருக்காக, மற்றெல்லா நாளும் மற்றெல்லா ஜனங்களும் வெளியே! வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். சினிமாவுக்கும் காசில்லாத இளைஞனுக்கு நடப்பது ஒன்றுதான் செலவில்லாத இன்பம். அதற்கும் பூட்டு.

ஹேபீல்டு கிராமத்தின் கல் குவாரியில் சில நூறு பேர் கூடினார்கள். அவர்கள் முன்னே பாறை மீது ஏறிப் பேசியவர் பென்னி ராத்மன். வயது இருபது. மான்செஸ்டர் மெக்கானிக். இளம் கம்யூனிஸ்டு லீக் உறுப்பினர். பேசி முடித்து நடந்தார்கள். தடியோடு நின்ற வேட்டைக் காவலர்களுடன் தள்ளுமுள்ளு நடந்தது. ஒரு காவலர் காயம்பட்டார். கூட்டம் மேலே போய்ச் சேர்ந்தது. ஷெபீல்டு பக்கத்திலிருந்து ஏறி வந்த தோழர்களைச் சந்தித்தது. திரும்பி வந்தபோது போலீஸ் காத்திருந்தது.

பிறர் நிலத்தில் நடப்பது அன்றைய சட்டப்படி கிரிமினல் குற்றமில்லை. அதனால் என்ன? கலகம் செய்யக் கூடியதாக வழக்கு! டெர்பி கோர்ட்டில் அமர்ந்த கிராண்டு ஜூரியைப் பாருங்கள்: பிரிகேடியர் ஜெனரல்கள், கர்னல்கள், மேஜர்கள், கேப்டன்கள், நாட்டுப்புறச் சீமான்கள்! ஓநாய்களைக் கூட்டி வைத்து ஆட்டின் வழக்கை விசாரித்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

ஐந்து பேரைச் சிறையில் போட்டதும் மலை அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. கோபம் நாடெங்கும் பரவியது. 1949ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அமைந்தபோது கிண்டர் ஸ்கவுட் அதற்குள் இருந்தது. 2000ம் வருடச் சட்டம், மூரில் கால் வைக்கும் உரிமையைச் சகல ஜனங்களுக்கும் கொடுத்தது. எழுபதாவது ஆண்டு விழாவில், 2002ல், அந்த மலைக்கு அன்று சொந்தக்காரராயிருந்த டெவன்ஷயர் பிரபுவின் வம்சத்து வாரிசு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தது எழுபது வருடம் கழித்து. சிறை வந்தது மூன்றே மாதத்தில்!

ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். 2000ம் வருடச் சட்டம் கால் வைக்கும் உரிமையைத்தான் கொடுத்தது, நிலத்தைக் கொடுக்கவில்லை. அந்த உரிமையும் இங்கிலாந்தில் நூற்றில் எட்டுப் பங்கு நிலத்துக்குத்தான். இங்கிலாந்தில் கிரவுஸ் மூர்களின் பரப்பு சுமார் 5,50,000 ஏக்கர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லண்டன் மாநகரைவிடப் பெரிது. ஏறத்தாழ 150 ஜமீன்கள் கையில்! ஸ்காட்லாந்தில் நாட்டுப்புறத் தனியார் நிலத்தில் பாதி, சுமார் 430 சொந்தக்காரர்களிடம்!

நெருப்பும் வெள்ளமும்

இந்த நிலத்தை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பார்ப்போம். கிரவுஸுக்கு இளந்துளிர் வேண்டும். ஒளிய முதிர்ந்த புதரும் வேண்டும். ஆகவே ஹெதரைப் பட்டை பட்டையாக முறை வைத்து எரிக்கிறார்கள். கீழே இருப்பது சாதாரண மண்ணல்ல. ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பாசி மக்கிப் படிந்த பீட். அது பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கரியைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பிரிட்டனின் பீட் நிலங்களில் சுமார் 300 கோடி டன் கரி அடங்கியிருக்கிறது என்கிறார்கள். எரித்தால் மேலே பாசி போகும், மண் உலரும், நீர் மட்டம் இறங்கும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் ஐந்து வருடம் ஆராய்ந்து 2014ல் இதை வெளியிட்டார்கள். 2021ல் இங்கிலாந்து சர்க்கார் பாதுகாக்கப்பட்ட ஆழமான பீட் மீது எரிக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆபத்தில்லை என்றால் கட்டுப்பாடு எதற்கு?

யார்க்ஷயரில் கால்டர் பள்ளத்தாக்கில் ஹெப்டன் பிரிட்ஜ் என்று ஓர் ஊர். பழைய பஞ்சாலை ஊர். மேலே கிரவுஸ் மூர். கீழே தொழிலாளிகள் கட்டிய கல் வீடுகள். 2012ல் வெள்ளம். 2015 டிசம்பர் 26ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மறுபடியும் பெருவெள்ளம். மழை மிக அதிகம் பெய்தது உண்மை. வெள்ளம் முழுவதும் மூரால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மேலே பஞ்சு போன்ற மண்ணைக் கெடுத்து வைத்தால் மழைநீர் தங்காமல் ஓடிவரும் என்று ஊர் ஜனங்கள் பல வருடமாக எச்சரித்து வந்தார்கள். மேலே சீமானின் பறவை உலர்ந்த காலோடு நிற்க, கீழே ஏழையின் அடுப்புக்குள் தண்ணீர்!

இன்னொரு பலி பூனைப்பருந்து. அது கிரவுஸ் குஞ்சைத் தின்கிறது என்பது குற்றச்சாட்டு. தின்கிறதுதான், பருந்து வேறென்ன செய்யும்? 1954 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இருந்தும் 2013ல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு ஜோடி கூடக் குஞ்சு பொரித்து வெற்றி பெறவில்லை. 58 பருந்துகளுக்கு ரேடியோக் கருவி கட்டிக் கண்காணித்த ஆராய்ச்சி 2019ல் வெளிவந்தது. அவற்றில் நூற்றுக்கு 72, சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டன, அல்லது பெரும்பாலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அது கூறியது. கிரவுஸ் மூர் மீது பறக்கும்போது ஆபத்துப் பத்து மடங்கு! அன்று ஒரு பறவையைப் பிடித்த ஏழைக்கு ஏழு வருடம். இன்று சட்டம் காக்கும் பருந்து மூர் மீது மாயமாய் மறைகிறது. ஜமீன் மாளிகைக்குள் நுழைந்து விலங்கு பூட்டிய கதையை நாம் கேட்கவில்லை.

அவர்கள் சொல்லும் சமாதானம்

"வேட்டை இல்லாவிட்டால் மலைக் கிராமத்தில் வேலை ஏது?" என்கிறார்கள். வேட்டைக் காவலரும், பறவை விரட்டும் கூலியாட்களும், விடுதிப் பணியாளரும் அந்தச் சம்பளத்தில் பிழைப்பது மெய். அவர்கள் நம் எதிரிகளல்ல, அவர்களும் உழைப்பாளிகளே. காவலரின் வீடே பெரும்பாலும் ஜமீனுடையது. வேலை போனால் கூரையும் போகும். ஆனால் நாம் கேட்கிறோம்: ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு கைப்பிடி வேலைதான் இருக்கிறதென்றால் அது நிலத்தின் குற்றமா, நிலம் ஒருவன் கையில் இருப்பதன் குற்றமா? குடியானவர்களை முதலில் விரட்டிவிட்டு, பிறகு மிச்சமிருந்த பத்துப் பேருக்கு வேலை கொடுத்தேன் என்று மார்தட்டுவது எந்த ஊர் தர்மம்?

"காவலர்கள் நரியையும் காக்கையையும் கட்டுப்படுத்துவதால் தரையில் கூடு கட்டும் மற்றப் பறவைகளும் பிழைக்கின்றன" என்கிறார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. வளைந்த அலகுள்ள கர்லூ போன்றவை அப்படிப்பட்ட மூர்களில் நன்றாகக் குஞ்சு பொரிக்கின்றன. மறைக்க மாட்டோம். ஆனால் கர்லூவைக் காக்க வேண்டுமானால் ஜனங்களின் பணத்தில், ஜனங்களின் மேற்பார்வையில் காக்கலாமே! நடுவில் துப்பாக்கி எதற்கு? அண்மைக்காலம் வரை இந்த மூர்களுக்கும் விவசாய மானியம் என்று ஏக்கர் கணக்கில் வரிப்பணம் போய்க்கொண்டுதானே இருந்தது?

"இது பாரம்பரியம்" என்கிறார்கள். ரயிலும், பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கியும் வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெருகிய வழக்கம் இது. ஆடு மேய்த்ததும் பீட் வெட்டியதும் இதைவிடப் பழைய பாரம்பரியம். அதை வேலி கட்டி அழித்தவர்கள் பாரம்பரியம் பேசுகிறார்கள்!

2016ல் இந்த வேட்டையைத் தடை செய்யக் கோரி 1,20,000க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். பார்லிமெண்டில் விவாதம் நடந்தது, சர்க்கார் மறுத்தது. ஸ்காட்லாந்தில் ஒரு படி முன்னேறி, 2024ம் வருடச் சட்டப்படி கிரவுஸ் வேட்டைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று வைத்தார்கள். நல்லது; ஆனால் லைசென்ஸ் துப்பாக்கியைக் கேள்வி கேட்கும், நிலத்தைக் கேள்வி கேட்காது.

லாங்ஹோம் காட்டிய வழி

நிலத்தைக் கேள்வி கேட்ட ஊரும் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் லாங்ஹோம். கம்பளி நெசவு மில்களால் வாழ்ந்த சிற்றூர். மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ஊரைச் சுற்றிப் பக்லூ பிரபுவின் மூர். ஒரு காலத்தில் பேர்போன கிரவுஸ் வேட்டை நடந்த இடம். பிரபு விற்க முன்வந்தபோது ஊர் ஜனங்கள், "நாங்கள் வாங்குகிறோம்" என்றார்கள். சீமான்கள் சிரித்திருப்பார்கள். ஜனங்கள் உண்டியல் ஏந்தினார்கள். 2021ல் 38 லட்சம் பவுன் கொடுத்து 5,200 ஏக்கரை வாங்கினார்கள். 2022ல் இன்னும் 5,300 ஏக்கர். ஆகமொத்தம் 10,500 ஏக்கர் இன்று ஊர்ச் சொத்து. பீட் மண்ணைக் குணப்படுத்துகிறார்கள், மரம் வளர்க்கிறார்கள், பூனைப்பருந்து அங்கே அஞ்சாமல் பறக்கலாம்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். பிடுங்கிய நிலத்துக்கு ஜனங்கள் விலை கொடுத்தார்கள்! பிடுங்கியவன் பணம் எண்ணி வாங்கிக்கொண்டான். வேலி கட்டிய அன்று மேய்ப்பனுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? இந்த வழி முழு நியாயமல்ல. ஆனாலும் ஜமீன் கையில் இருப்பதுதான் இயற்கை விதி என்ற பொய்யை, மில் மூடிப்போன ஒரு சிற்றூர் பொய்யென்று காட்டிவிட்டது. அது சிறிய காரியமல்ல.

நமக்குப் பறவை மேல் பகையில்லை. செங்கிரவுஸ் வாழட்டும், தன் மலையில் துளிர் தின்று பெருகட்டும். ஹெதர் பூக்கட்டும். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: மலை யாருடையது? அதில் ஆடு மேய்த்தவனுடையதா, அதைப் பார்த்துக்கொண்டே பஞ்சாலையில் மூச்சுத் திணறியவனுடையதா, அல்லது வருடத்தில் சில நாள் வந்து விரலை அசைத்துவிட்டுப் போகிறவனுடையதா?

உங்கள் ஊரிலும் மேய்ச்சல் நிலம் இருந்திருக்கும். ஒரு நாள் அதைச் சுற்றிக் கம்பி வேலி முளைத்திருக்கும். பக்கத்தில் ஒரு பலகை நின்றிருக்கும். பலகையைப் படித்துத் திரும்பிப் போகுமுன் ஒரு கணம் நில்லுங்கள். 1896ல் போல்டன் தொழிலாளி நின்றான். 1932ல் பென்னி ராத்மன் நின்றார். பிறகு இருவரும் தனியாக நடக்கவில்லை. ஊரைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள்.

"கோ பேக்!" என்று அந்தப் பறவை கத்தட்டும். இனி அதைக் கேட்டுத் திரும்பிப் போக வேண்டியவர்கள் நாமல்ல!